ஊசிக்கு டிமிக்கி கொடுப்பது எப்படி?

பிள்ளைக்குத் தடுப்பூசி போடாமலே வளர்த்து ஆளாக்கிவிட வேண்டும் என்று நினைக்கும் பெற்றோர், ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. நம்மூரில் 'முடியாது' என்று சொல்லி ஜெயித்தவர் கிடையாது. முடியாது என்றால் நர்சம்மா வருவார். அவருக்கு மசியவில்லை என்றால் சுகாதார ஆய்வாளர் வருவார். அதற்கும் மசியவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரே ஜீப்பில் வந்து உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். தெருவே வேடிக்கை பார்க்கும். மாமனாருக்குக் கோபம் வரும். இவ்வளவு எதற்கு? சிரித்த முகத்தோடு, "கட்டாயம் வரேங்க நர்சம்மா, அடுத்த புதன்கிழமை" என்று சொல்லி, ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பிவைத்தால் வேலை முடிந்தது. மறுக்கிறவரைத்தான் துரத்துவார்கள். ஒத்துக்கொண்டவரை யாரும் சந்தேகப்படுவதில்லை.

புதன்தான் இங்கே ஊசி நாள். வருஷத்துக்கு 52 புதன் வருகிறது என்பதே இந்தக் கலையின் மூலதனம். ஒரு புதன் மழை. ஒரு புதன் மச்சினிக்கு வளைகாப்பு. ஒரு புதன் அஷ்டமி. ஒரு புதன் பிள்ளைக்கு மூக்கு ஒழுகுகிறது. லேசான சளியோ இருமலோ ஊசி போடத் தடையே இல்லை என்று டாக்டர்கள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அதை ஆஸ்பத்திரிக்குப் போனால்தானே சொல்வார்கள்?

எதைத் தவறவிடுவதானாலும் அது எப்போது வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பிறந்தவுடன் போடுகிற பிசிஜி, போலியோ சொட்டு மருந்து, 24 மணி நேரத்துக்குள் போடுகிற ஹெபடைடிஸ் பி ஆகிய மூன்றையும் மறந்துவிடுங்கள். பிரசவம் ஆஸ்பத்திரியில் என்பதால் நீங்கள் பெயர் யோசித்து முடிப்பதற்குள் அவை முடிந்திருக்கும். உங்கள் ஆட்டம் ஒன்றரை மாதத்தில் தொடங்குகிறது. ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில் பென்டாவேலன்ட். ஒரே ஊசியில் தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் தரும் ஹிப் என்று ஐந்து நோய்க்குக் காப்பு. 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் இதை ஆரம்பித்தவை தமிழ்நாடும் கேரளமும்தான். அதாவது டிமிக்கி கொடுக்கும் வாய்ப்பும் நமக்குத்தான் முதலில் கிடைத்தது. ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை, ருபெல்லாவுக்கான எம்.ஆர். ஊசி, ஒன்றரை வயதை ஒட்டி அதன் இரண்டாம் தவணை. பிறகு ஐந்து வயது, பத்து வயது, பதினாறு வயது. பத்தும் பதினாறும் மிகச் சுலபம். அந்த வயதிலும் ஊசி உண்டு என்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

இனி அட்டை. தாய் சேய் நல அட்டை என்று ஒன்று கொடுத்திருப்பார்கள். அதைக் கிழிக்க வேண்டாம், எரிக்க வேண்டாம். பிரசவத்துக்குத் தாய்வீடு போய், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீட்டுக்குத் திரும்பும்போது தாய்வீட்டு பீரோவிலேயே விட்டுவிட்டு வந்தால் போதும். உங்கள் ஊர் நர்சம்மா கேட்டால் "அம்மா வீட்டுல போட்டாச்சு." அம்மா வீட்டுப் பக்கத்து நர்சம்மா ஃபோன் செய்தால் "இங்க வந்து போட்டுக்கிட்டோம்." பொய் சொல்ல நேர்ந்ததே என்று மனம் உறுத்தினால், மாமியாரைப் பேசவிடுங்கள். அவருக்கு நிஜமாகவே தெரியாது. அட்டை இல்லாவிட்டாலும் எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காசு வாங்காமல் போடுவார்கள் என்ற தகவல் அவர் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊசி போட்டதும் நர்சம்மா வழக்கமாக நாலு விஷயம் சொல்வார்: இது எந்த நோய்க்கான ஊசி, அடுத்து எப்போது வர வேண்டும், என்ன பக்கவிளைவு வரலாம், அட்டையைப் பத்திரமாக வை. ஒருமுறை மாட்டிக்கொண்டுவிட்டால், அந்த நேரத்தில் ஃபோனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருங்கள்.

காய்ச்சல் நமக்குக் கிடைத்த பெரிய வரம். பென்டா போட்ட அன்று ராத்திரி உடம்பு சுடும், தொடை வீங்கும், பிள்ளை சிணுங்கும். ஒன்றிரண்டு நாளில் தானாகச் சரியாகும். எவ்வளவு மருந்து கொடுக்கலாம் என்று நர்சம்மாவே சொல்லி அனுப்புவார். நீங்கள் இதை இரண்டு நாள் சமாசாரமாகப் பார்க்கக் கூடாது. "நல்லா இருந்த புள்ளைய இப்படிப் பண்ணிட்டாங்களே" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும். உடம்பு மருந்தை அடையாளம் கண்டு வேலையைத் தொடங்கிவிட்டது என்பதற்குத்தான் அந்தச் சூடு என்று யாராவது விளக்க வந்தால், பேச்சை மாற்றி விலைவாசிக்குப் போய்விடுங்கள்.

வசதியுள்ளவர்களுக்கு வேறு பாதை இருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரியில் 'வலியில்லா ஊசி' கேட்பது. காய்ச்சல் குறைவு, விலை அதிகம் என்பதால் மரியாதையும் அதிகம். கக்குவான் இருமலைப் பொறுத்தவரை அந்த வகை தரும் காப்பு சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது. ஆகவே முதல் மூன்று தவணைக்கு வலிக்கிற ஊசியே மேல் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே சொல்கிறது. ஊசியே போடாததற்கு இது ஈடாகாது, உண்மைதான். ஆனாலும் அரசாங்க ஊசியைப் பற்றி அக்கம்பக்கத்தில் ஒரு சந்தேகத்தைக் கிளப்பிய புண்ணியம் உண்டு. "கவர்மென்ட்ல போடறது காலாவதியான மருந்தாம்" என்றும் சொல்லி வைக்கலாம். ஒரு எச்சரிக்கை: மருந்து பாட்டிலைக் காட்டச் சொல்லிக் கேட்டுவிடாதீர்கள், காட்டிவிடுவார்கள். அதன் மேல் ஒரு சின்ன வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். மருந்து சூடுபட்டுக் கெட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வந்து வட்டத்தின் நிறத்தை எட்டிவிடும். உடனே தூக்கிப் போட்டுவிட வேண்டும். சதுரம் வெளுப்பாக இருக்கும்வரை மருந்து சூட்டால் கெடவில்லை என்று அர்த்தம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பார்த்துச் சொல்லிவிடலாம். ஊசியும் ஒருமுறை அழுத்தினால் மறுபடி இழுக்க முடியாதபடி பூட்டிக்கொள்கிற வகை. இப்படியெல்லாம் செய்து வைத்திருக்கும்போது நல்லதொரு வதந்தி எப்படிப் பிழைக்கும்?

அம்மைக்கு வருவோம். இங்கே தொட்ட இடமெல்லாம் பக்தி என்பதால் நிதானம் தேவை. "அம்மா வந்திருக்கா" என்று சொன்னபிறகு டாக்டர் பேச்சை எடுக்க யாருக்கும் துணிவு வராது. வாசலில் வேப்பிலை செருகி, வீட்டில் தாளிப்பை நிறுத்தி, பிள்ளையைத் தனியே படுக்கவைத்து, இளநீரும் கூழும் கொடுத்து, மூன்றாம் தண்ணி ஊற்றி முடிக்கும்வரை யாரையும் உள்ளே விடாமல் இருப்பது நம் பாட்டிமார் கண்ட வழி. கேலி செய்ய மாட்டேன். நோயாளியைத் தனிமைப்படுத்து, வருகிறவரை எச்சரி, நீராகாரம் கொடு என்பதைத்தான் டாக்டரும் சொல்வார். வேப்பிலைக் கொத்து ஒரு நல்ல அறிவிப்புப் பலகை. அதன் ஒரே குறை, தாமதம். தட்டம்மை கண்டவரிடமிருந்து கிருமி வெளியேறத் தொடங்குவது உடம்பில் தடிப்புகள் தெரிவதற்கு நாலு நாள் முன்னதாக. அந்த நாலு நாளும் பிள்ளை வெறும் சளிக் காய்ச்சலோடு அங்கன்வாடியில் இருந்திருக்கிறது, டவுன் பஸ்ஸில் போயிருக்கிறது, கல்யாணப் பந்தியில் மடிமடியாக மாறியிருக்கிறது. அது இருமிவிட்டுப் போன அறையின் காற்றில் கிருமி இரண்டு மணி நேரம்வரை உயிரோடு இருக்கும். வாசலில் வேப்பிலை ஏறும்போது தெருவில் பாதி வேலை முடிந்திருக்கும். டிமிக்கி கொடுப்பவர்களின் நோக்கில் பார்த்தால் இதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது.

"அம்மை ஒருமுறை வந்துபோனா உடம்புக்கு நல்லது, அழுக்கெல்லாம் வெளியேறிடும்" என்பதையும் தவறாமல் சொல்லுங்கள். தட்டம்மை வந்துபோன பிள்ளையின் உடம்பு, அதற்கு முன் வேறு நோய்களிடம் கற்றுவைத்திருந்த எதிர்ப்பைப் பெருமளவு மறந்துவிடுகிறது. ஊசி போடாத பிள்ளைகளைத் தட்டம்மைக்கு முன்னும் பின்னும் சோதித்து 2019-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், அவர்களிடம் இருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 சதவீதம்வரை காணாமல் போயிருந்தன. வெளியேறியது அழுக்கு அல்ல. தண்ணி ஊற்றிய இரண்டாம் மாதம் நிமோனியா வந்தால், அதையும் அம்மையையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றாது. நமக்கு அது சௌகரியம்.

வாட்ஸ்அப் இல்லாமல் இந்தக் கலை முழுமை பெறாது. இதன் பொற்காலம் 2017 பிப்ரவரி. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் எம்.ஆர். ஊசி என்று அரசு அறிவித்தது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 1.76 கோடிப் பிள்ளைகள். அந்த மாதக் கடைசியில் முடித்துவிடுவதாகத் திட்டம். நம் ஆட்கள் குரல்பதிவுகளை இறக்கினார்கள். பள்ளி வாசலில் பெற்றோர் கூடினார்கள், "எங்க புள்ளைக்கு வேணாம்" என்று எழுதிக் கொடுத்தார்கள், அன்றைக்குப் பார்த்து வகுப்பில் பாதி பெஞ்சு காலி. முகாமை மார்ச்வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. ஒரு செல்ஃபோனும் பதற்றமான குரலும் சாதித்ததை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது.

அந்தப் பதிவுகளைக் கேட்டுக் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. ஊர்ப் பெயர் சொல்லக் கூடாது. சொன்னால் யாராவது விசாரித்துவிடுவார்கள். தேதி சொல்லக் கூடாது. சொல்லாவிட்டால் அதே பதிவு ஐந்து வருஷம் கழித்தும் ஓடும். "என் ஃப்ரெண்டோட மச்சான் ஹெல்த் டிபார்ட்மென்ட்லதான் இருக்கார்" என்று தொடங்க வேண்டும். நடுவில் வெளிநாட்டுச் சதி. கடைசியில் "வருங்காலத்துல புள்ள பெத்துக்கவே முடியாதாம்." அந்த மருந்து புனேயில் தயாரானது என்பது கதைக்கு உதவாது. ருபெல்லா என்ன செய்யும் என்பது அதைவிட உதவாது. பிள்ளைக்கு வந்தால் ரெண்டு நாள் காய்ச்சல், கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான். கர்ப்பிணிக்கு, அதுவும் முதல் மூன்று மாதத்தில் வந்தால், வயிற்றுக் குழந்தை கண்புரையோடும் இதய ஓட்டையோடும் காது கேளாமலும் பிறக்கலாம், கருவே கலையலாம். சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் டாக்டர் 1941-ல் இதைக் கண்டு சொன்னார். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டர்களும் பிறவிக் கண்புரைக் குழந்தைகளிடம் ருபெல்லாவின் கைவரிசையைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். ஆக, கருப்பையைக் கெடுக்கும் என்று நாம் பரப்பிய ஊசி, கருவைக் காப்பதற்கென்றே வந்த ஊசி. இந்த அளவு தலைகீழாகச் சொல்ல ஒரு தனித் திறமை வேண்டும்.

அயல்நாட்டுச் சரக்கு வேண்டுமென்றால் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் இருக்கிறார். 1998-ல் 'லான்செட்' இதழில் பன்னிரண்டே பிள்ளைகளை வைத்து, எம்.எம்.ஆர். ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பிருப்பதுபோல எழுதினார். 2010-ல் இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே வருஷம் பிரிட்டனில் அவருடைய டாக்டர் பதிவும் போயிற்று. பின்பாதியைச் சொல்ல வேண்டியதில்லை.

பொய்க்கெல்லாம் நடுவே உண்மைச் சம்பவம் ஒன்றும் உண்டு. அதைக் கையாளத் தனி லாகவம் வேண்டும். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டதும் நான்கு குழந்தைகள் இறந்துபோனார்கள். இதை எழுதும்போது வழிகாட்டி எழுதுகிற எனக்கே கேலி வரவில்லை. அந்தத் தாய்மாரிடம் போய் யாரும் புள்ளிவிவரம் பேச முடியாது. அதற்குப் பிறகு ஊசியை ஆரம்ப சுகாதார நிலையங்களில், டாக்டர் இருக்கும்போது மட்டும் போடுவது என்று மாற்றினார்கள். ஊசி போட்டபின் அரை மணி நேரம் பிள்ளையை அங்கேயே வைத்திருக்கச் சொல்வதும், அபூர்வமாக ஒவ்வாமை வந்தால் உடனே கொடுக்க மருந்தைக் கையில் வைத்திருப்பதும் வெறும் சடங்கல்ல. ஆனால் நிலையம் தூரம், பஸ் இல்லை, கூலி போய்விடும் என்று வேறு கஷ்டங்கள் சேர்ந்துகொண்டன. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் எல்லாத் தடுப்பூசியும் போட்டு முடித்த குழந்தைகள் 2005-06-ல் 80.9 சதவீதம். 2015-16-ல் 69.7. பத்து வருஷத்தில் பதினோரு புள்ளி சறுக்கல். காரணங்கள் பல, அவற்றில் பயமும் ஒன்று. 2019-21-ல் 89.2 என்று மறுபடி ஏறிவிட்டது. சும்மா ஏறவில்லை. வீடு வீடாக நடந்து ஏற்றினார்கள்.

வீட்டில் பாட்டி இருந்தால் கவனம். கைப்புஜத்தில் வட்டத் தழும்போடு, பெரியம்மைக்கு 'அம்மை குத்திக்கொண்ட' தலைமுறை அது. கிண்டியிலுள்ள கிங் நிறுவனம் 1899-ல் தொடங்கியதே அந்த அம்மைப்பால் தயாரிக்கத்தான். இந்தியாவில் பெரியம்மை கடைசியாகத் தலைகாட்டியது 1975-ல். 1980-ல் உலகத்தைவிட்டே போய்விட்டது என்று அறிவித்தார்கள். அதனால் இன்றைய அம்மா அப்பாவுக்கு அம்மைத் தழும்பு விழுந்த முகங்கள் தெரியாது. பாட்டிக்குத் தெரியும். "அந்தக் காலத்துல ஊசியா போட்டோம்? நாங்கெல்லாம் நல்லா இல்லையா?" என்று அவர் சொன்னால் உடனே பதிவு செய்து குழுவில் போடுங்கள். "உனக்கு எத்தனை குழந்தை பாட்டி?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எட்டு பெத்தேன், அஞ்சு தங்குச்சு" என்பார். அந்த மூன்றும் எதில் போயின என்று அடுத்த கேள்வி வந்துவிட்டால், இருமி இருமி நீலம் பாரித்ததையும், தொப்புள் புண்ணாகி மூன்றாம் நாள் தாடை இறுகியதையும் அவர் நேற்று நடந்ததுபோலச் சொல்வார். உங்கள் மனைவி மறுநாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இத்தனைக்கும் மேலாக ஓர் அஸ்திரம் உண்டு: ஊரார் பிள்ளைக்கு ஊசி போட்டால் தன் பிள்ளை தானே தப்பும். இது உண்மையாகவே வேலை செய்கிறது. சுற்றியுள்ளவர்களுக்கெல்லாம் காப்பு இருந்தால் கிருமி உங்கள் பிள்ளையிடம் வந்துசேர வழியில்லை. காப்பே இல்லாத ஊரில் தட்டம்மை கண்ட ஒருவர் பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்குக் கொடுப்பார் என்பதால், ஊரில் 95 சதவீதம் பேருக்காவது இரண்டு தவணையும் போட்டிருந்தால்தான் இந்தச் சலுகை. மீதி ஐந்தில் உங்கள் பிள்ளைக்கு இடம் பிடிக்கலாம் என்று நினைக்கிறீர்கள். அந்த இடத்துக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. இன்னும் ஒன்பது மாதம் ஆகாத எதிர்வீட்டுக் கைக்குழந்தை, ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருப்பதால் இந்த ஊசி போட முடியாத பிள்ளை. அவர்களை நகரச் சொல்லிவிட்டு உட்காருவது உங்கள் விருப்பம்.

தொண்டை அடைப்பான் வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டார். அதற்கு என்னிடம் டிமிக்கி இல்லை. தொண்டையில் சாம்பல் நிறத்தில் ஒரு தோல் படரும், பிய்த்தால் ரத்தம் வரும், கழுத்து புடைக்கும். கிருமி விடுகிற நஞ்சு இதயத்துக்குப் போகும். குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கும் நஞ்சுமுறி மருந்தைச் சீக்கிரம் ஏற்ற வேண்டும். நோய் அருகிவிட்டதால் அதைத் தயாரிக்கிறவர்களும் அருகிவிட்டார்கள், எந்த ஆஸ்பத்திரியில் இருப்பில் இருக்கிறது என்று ஃபோன் மேல் ஃபோன் போட வேண்டியிருக்கும். 2016-ல் கேரளத்தின் மலப்புரத்தில் இது மறுபடி வந்து உயிர் வாங்கியது. படித்தவர்கள் நிறைந்த மாநிலம். நம் கலைக்குப் படிப்பு தடையில்லை என்று அப்போது தெரிந்தது.

இன்னொரு வாசகரின் கடிதம்: "ஐயா, தங்கள் ஆலோசனைப்படி எல்லாப் புதனையும் தள்ளிவிட்டோம். பையனுக்கு இரண்டு வயது. இனி யாரும் கேட்க மாட்டார்கள்தானே?"

வருத்தத்தோடு சொல்கிறேன், கேட்பார்கள். பென்டாவின் முதல் தவணைக்கு ஒரு வயதோடு கணக்கு முடிந்துவிடும், அந்த மட்டில் உங்களுக்கு வெற்றி. ஆனால் பென்டா தவறினாலும் அதிலுள்ள தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி மூன்றுக்கும் முத்தடுப்பு ஊசியை ஏழு வயதுவரை போடலாம். எம்.ஆர். ஊசிக்கும் போலியோ சொட்டுக்கும் ஐந்து வயதுவரை கதவு திறந்திருக்கும். ஒரு தவணை போட்டு நடுவில் விட்டிருந்தாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். தாமதத்துக்கு அபராதம் இல்லை. திட்டுவார்களா என்று பயந்தால், ஆம், திட்டுவார்கள். "இவ்வளவு நாள் எங்கம்மா போயிருந்த?" என்று நர்சம்மா ஆரம்பித்து, உங்கள் மாமியார், மாமியாரின் அஷ்டமி, தாய்வீட்டு பீரோ வரைக்கும் போவார். அந்தத் திட்டு முடிவதற்குள் பையனுக்கு ஊசி போட்டு முடித்து, புது அட்டையில் அடுத்த தேதியையும் எழுதியிருப்பார்.